கொழும்பில் இரைச்சலுக்கு எதிராக முறைப்பாடு செய்வது எப்படி: குடியிருப்பாளருக்கும் கடைக்காரருக்குமான முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் வசிப்பவருக்குப் பக்கத்து மண்டபத்தின் ஒலிபெருக்கி தொல்லையாக இருக்கலாம். கொட்டாஞ்சேனையில் கடைக்கு மேலே குடியிருப்பவருக்குக் கீழ்த்தளத்து ஜெனரேட்டர் தொல்லையாக இருக்கலாம். இருவரும் ஒரே சொல்லால்தான் முறையிடுகிறார்கள்: "சத்தம் தாங்க முடியவில்லை." சட்டத்தின் பார்வையில் இவை இரண்டும் வெவ்வேறு விடயங்கள். முன்னையது பொலிஸ் நிலையத்துக்கும் பின்னையது மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கோ மாநகர சபைக்கோ உரியது. தவறான அலுவலகத்தில் கொடுக்கப்படும் நியாயமான முறைப்பாடு மாதக்கணக்கில் மேசையிலிருந்து மேசைக்கு நகர்ந்துகொண்டிருக்கும். ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன்னர் உங்களை வருத்தும் சத்தம் எது, அதற்குப் பொருந்தும் எல்லை எது, எந்த நேரத்தில் அது மீறப்படுகிறது என்ற மூன்றையும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

முதற் படி: சத்தத்தின் வகையைத் தீர்மானித்தல்

இலங்கையில் இரைச்சலைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் ஒரே இடத்தில் இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும், அதன் கீழ் 1996ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஒலிக்கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளும் தொழில் நடவடிக்கைகளிலிருந்தும் கட்டுமானத்திலிருந்தும் எழும் சத்தத்துக்கு எண்களில் எல்லை விதிக்கின்றன. ஒலிபெருக்கிக்கு 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச்சட்டத்தின் 80ஆம் பிரிவு பொருந்தும். அதன்படி ஒலிபெருக்கியைப் பயன்படுத்துவதற்குப் பொலிஸ் அனுமதிப்பத்திரம் தேவை. மக்களின் ஆரோக்கியத்தையோ நிம்மதியையோ கெடுக்கும் எந்தச் சத்தத்துக்கும், அது எண்ணில் அளக்கப்பட்டாலும் அளக்கப்படாவிட்டாலும், பொதுத் தொல்லை பற்றிய சட்டம் பொருந்தக்கூடும். வாகன ஊதுகுழல்களுக்கு 2011ஆம் ஆண்டில் தனியாக ஒழுங்குவிதிகள் வந்தன. வீதியில் அவற்றை நடைமுறைப்படுத்துவது போக்குவரத்துப் பொலிஸாரின் வேலை என்பதால், அவற்றைப் பற்றி இங்கே மேலும் சொல்லவில்லை.

இரண்டாம் படி: உங்கள் இடத்துக்குரிய எல்லையை அறிதல்

இங்கேதான் பலருக்கு ஏமாற்றம் ஏற்படுகிறது. குடியிருப்புப் பகுதிக்கு ஓர் எல்லை, வர்த்தகப் பகுதிக்கு வேறோர் எல்லை என்று 1996ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் பிரிக்கவில்லை. அவை உள்ளூராட்சி மன்றத்தின் தரத்தைக் கொண்டே பிரிக்கின்றன. பிரதேச சபைப் பகுதி குறைந்த இரைச்சல் பகுதியாகும். அங்கே தொழில் நடவடிக்கைகளுக்கான எல்லை பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். மாநகர சபை, நகர சபைப் பகுதிகள் நடுத்தர இரைச்சல் பகுதிகளாகும். அங்கே பகலில் 63, இரவில் 50. ஏற்றுமதிப் பதப்படுத்தல் வலயங்களிலும் கைத்தொழிற் பேட்டைகளிலும் பகலில் 70, இரவில் 60. கொழும்பு முழுவதும் மாநகர சபைக்குள் அடங்குவதால், புறக்கோட்டைச் செட்டியார் தெருவுக்கும் கறுவாத்தோட்டத்தின் மரநிழல் வீதிக்கும் எல்லை ஒன்றேதான். தெஹிவளைக் கால்வாயைக் கடந்தால் நிர்வாகம் தெஹிவளை-கல்கிசை மாநகர சபையுடையதாக மாறும், எண் மாறாது.

குடியிருப்பாளரின் பக்கம் நின்று பார்த்தால் இது இந்த ஒழுங்குவிதிகளின் பெரிய குறைபாடு என்பது எனது உறுதியான கருத்து. நெருக்கமான வீடுகள் உள்ள ஒழுங்கையில் 63 டெசிபல் என்பது, ஜன்னலைத் திறந்துவைத்துப் படிக்கும் பிள்ளைக்குப் பாரமான சத்தமாகும். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட சமூக இரைச்சல் வழிகாட்டுதலில், நல்ல உறக்கத்துக்குப் படுக்கையறைக்குள் தொடர்ச்சியான ஒலி 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று சொல்லப்பட்டது.

ஆயினும் அதே ஒழுங்குவிதிகளில் குடியிருப்பாளருக்குச் சாதகமான இரண்டு அம்சங்கள் உள்ளன. முதலாவது, தொழில் நடவடிக்கைகளைப் பொறுத்தவரை இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கிக் காலை 6 மணி வரை நீடிக்கிறது. மாலை 7 மணிக்கு இயங்கும் பட்டறையொன்று 63 அல்ல, 50 டெசிபலுக்குக் கட்டுப்பட வேண்டும். இந்த 13 டெசிபல் வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஒலி ஆற்றலில் அது ஏறக்குறைய 20 மடங்காகும். இரண்டாவது, அமைதி வலயம். நீதிமன்றம், வைத்தியசாலை, பொது நூலகம், பாடசாலை, மிருகக்காட்சிச்சாலை, புனித பூமி ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் பகலில் 50, இரவில் 45 டெசிபல்தான் அனுமதிக்கப்பட்ட அளவு. கொழும்பில் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் நெருங்கி அமைந்திருப்பதால், சத்தம் எழும் காணி அத்தகைய 100 மீற்றருக்குள் விழுவதற்கு நல்ல வாய்ப்புண்டு. கைபேசி வரைபடத்தில் தூரத்தை அளந்து பாருங்கள்; விழுமானால் அதை முறைப்பாட்டின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கட்டுமானத்துக்கான அட்டவணை வேறு. அங்கே பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை. அந்நேரத்தில் 75 டெசிபல் வரையும், 9 மணிக்குப் பின்னர் 50 டெசிபல் வரையும் அனுமதிக்கப்பட்டுள்ளது. இரவு 8 மணிக்கு டைல்ஸ் வெட்டும் சத்தம் எவ்வளவு எரிச்சலூட்டினாலும், 75ஐத் தாண்டாதவரை இந்த ஒழுங்குவிதிகளின் கீழ் நடவடிக்கை எடுப்பது கடினம். 9 மணிக்குப் பின்னர் கொங்கிரீட் ஊற்றினால் நிலைமை தலைகீழாகும். அந்த வேலையை 50 டெசிபலுக்குள் செய்து முடிப்பது நடைமுறையில் சாத்தியமில்லை.

இந்த எல்லைகள் அனைத்தும் சத்தம் எழும் காணியின் எல்லையில் அளக்கப்படுகின்றன. உங்கள் படுக்கையறையில் அல்ல. அளக்கப்படுவதும் ஒரு கண உச்சமன்று. குறிப்பிட்ட நேரம் முழுவதற்குமான சமவலு ஒலிமட்டமாகும், அதாவது அந்நேரத்தில் எழுந்த ஒலி ஆற்றலின் சராசரியாகும். சுத்தியலின் ஓரடி 80ஐத் தொட்டது என்று கைபேசியில் காட்டுவதால் மீறல் நிரூபணமாகிவிடாது.

மூன்றாம் படி: குறிப்பேடு

எந்த அலுவலகத்துக்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது "எப்போது, எவ்வளவு நேரம்" என்பதுதான். "எப்போதும்" என்ற பதில் எவருக்கும் உதவாது. ஒரு கொப்பியை எடுத்து, குறைந்தது இரண்டு வாரங்களுக்குச் சத்தம் நடக்கும்போதே எழுதுங்கள். பின்னர் நினைவிலிருந்து எழுத வேண்டாம். ஒரு பதிவு இப்படி அமையலாம்:

"செவ்வாய்க்கிழமை. இரவு 7.10 முதல் 9.45 வரை. கடையின் பின்புற ஜெனரேட்டர். மின்தடை இல்லை, எங்கள் வீட்டிலும் எதிர்வீட்டிலும் மின்சாரம் இருந்தது. புகைபோக்கி எங்கள் சமையலறை ஜன்னலை நோக்கியுள்ளது. ஜன்னலை மூடியும் தொலைக்காட்சியின் பேச்சு கேட்கவில்லை. கைபேசி அளவி, மதிலோரம், 10 நிமிடம்: சராசரி 68. எதிர்வீட்டாரும் கேட்டார்."

இந்தப் பதிவில் நேரம் இருக்கிறது, மூலம் இருக்கிறது, அளந்த இடம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது. மின்தடை இல்லை என்ற குறிப்பு, "கரண்ட் போனதால்தான் போட்டோம்" என்ற வழமையான பதிலை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. கைபேசிச் செயலியின் எண் சட்டப்படியான அளவீடாக ஏற்கப்பட மாட்டாது. தரப்படுத்தப்பட்ட கருவியால் தகுதியுள்ளவர் எடுக்கும் அளவீடே செல்லும். எனினும் எந்த நேரத்தில் வந்து அளக்க வேண்டும் என்று அதிகாரிக்குச் சொல்வதற்கு அந்த எண் பயன்படும். ஓரிரு நிமிடக் காணொளியும் போதும்; அதில் நேரமும் இடமும் தெரிய வேண்டும். அயலவரின் வீட்டுக்குள் எட்டிப்பார்த்துப் படம்பிடிக்காதீர்கள். அது உங்கள் மீதே முறைப்பாடாகத் திரும்பும்.

நான்காம் படி: நேரில் சொல்லிப் பார்த்தல்

பக்கத்து வீட்டார், பக்கத்துக் கடைக்காரர் என்றால் முதலில் ஒருமுறை மரியாதையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். சத்தம் நடந்துகொண்டிருக்கும்போது கோபத்துடன் போவதைவிட மறுநாள் காலை போவது நல்லது. "சத்தத்தை நிறுத்துங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். ஜெனரேட்டராயின் ஒலி அடக்கும் கூண்டு பொருத்துதல், சைலன்சரை மாற்றுதல், அடியில் அதிர்வு தாங்கும் இறப்பர் வைத்தல், புகைபோக்கியை வீதிப் பக்கம் திருப்புதல் ஆகியவை எல்லாம் செய்யக்கூடியவை. தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும் என்பதால், இயந்திரத்தைக் காணியின் மறுபக்கத்துக்கு நகர்த்துவதே சில இடங்களில் போதுமாகிவிடும்.

பேசிய திகதியையும் கிடைத்த பதிலையும் கொப்பியில் எழுதுங்கள். பேச்சில் தீராவிட்டால், பொலிஸுக்கோ நீதிமன்றத்துக்கோ போகும் முன்னர் மத்தியஸ்த சபை என்ற வழியும் உண்டு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இச்சபைகளில் சட்டத்தரணி தேவையில்லை. அயலவருடன் இன்னும் பல ஆண்டுகள் ஒரே மதிலுக்கு இருபுறமும் வாழ வேண்டியவர்களுக்கு இதுவே சிறந்த வழி என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் படி: ஒலிபெருக்கியாயின் பொலிஸ் நிலையம்

ஒலிபெருக்கி விடயத்தில் குடியிருப்பாளரின் கையிலுள்ள வலுவான ஆதாரம் உயர் நீதிமன்றம் 2007 நவம்பர் 9ஆம் திகதி வழங்கிய தீர்ப்பாகும். வெலிகமைப் பகுதிப் பள்ளிவாசலொன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பான அடிப்படை உரிமை வழக்கில், 38/2005 என்ற இலக்கத்தின் கீழ், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் நாடு முழுவதற்கும் பொருந்தும் பணிப்புரைகளை வழங்கியது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையான நேரத்துக்கு ஒலிபெருக்கி அனுமதி வழங்கக்கூடாது என்பது அவற்றில் முதன்மையானது. விசேட சமய நிகழ்வுகளுக்கும் ஏனைய விசேட நிகழ்வுகளுக்கும் விதிவிலக்கு அளிக்கலாம். அதுவும் சுற்றிலும் வசிப்போரின் கருத்தை அறிந்த பின்னர், குறித்த காரணத்துக்காக, வரையறுத்த நேரத்துக்கு மட்டுமே. அனுமதி உள்ள நேரத்திலும் சத்தம் அந்த வளாகத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். இப்பணிப்புரைகள் எந்தவொரு சமயத்துக்கும் தனியானவை அல்ல. கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம், திருமண மண்டபம் அனைத்துக்கும் ஒன்றாகவே பொருந்தும்.

சத்தம் நடந்துகொண்டிருக்கும்போது உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கோ 119க்கோ அழைத்து, இடத்தையும் நேரத்தையும் சொல்லி, "இந்நிகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, எத்தனை மணி வரை?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி, சத்தம் அதிகமாக இருக்கிறது என்ற முறையீட்டை அனுமதி பற்றிய விடயமாக மாற்றுகிறது. பதில் சொல்வதற்குப் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும். மறுநாள் நிலையத்துக்குச் சென்று எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அழைப்பு மட்டும் இருந்தால் பின்னர் காட்டுவதற்கு ஒன்றுமிராது.

மொழி பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரசாங்க அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. உங்கள் வாக்குமூலம் உங்களுக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்டால், வாசித்து விளக்கப்படாமல் கையொப்பமிட வேண்டாம். தமிழில் முன்கூட்டியே எழுதித் தட்டச்சுச் செய்த கடிதத்தைக் கொண்டுசென்று, அதன் பிரதியில் பெற்றதற்கான முத்திரையை வாங்குவது நடைமுறையில் எளிது.

இனி, நிகழ்வை நடத்துபவர் நீங்களானால், இதே விதிகளை மறுபக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். திருவிழாவோ பூப்புனித நீராட்டு விழாவோ, அனுமதிக்கு முற்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஒலிபெருக்கிகளை வளாகத்தின் உட்புறம் நோக்கித் திருப்புங்கள். உயரத்தில் ஒரு பெரிய குழாயைக் கட்டுவதைவிடக் கூட்டத்தின் நடுவே பல சிறிய பெட்டிகளைக் குறைந்த ஒலியில் வைப்பது கேட்பவருக்கும் தெளிவு, அயலவருக்கும் நிம்மதி. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலத்தில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

ஆறாம் படி: இயந்திரமும் வியாபாரமும்

அரவை ஆலை, தச்சுப் பட்டறை, வாகனத் திருத்தகம், பேக்கரி, அச்சகம் போன்ற, விதிக்கப்பட்ட பட்டியலிலுள்ள தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவை. பாதிப்புக் கூடிய தொழில்களுக்கு அதனை மத்திய சுற்றாடல் அதிகார சபை நேரடியாக வழங்குகிறது. பாதிப்புக் குறைந்தவற்றுக்கு அதிகாரம் உள்ளூராட்சி மன்றத்திடம் கையளிக்கப்பட்டுள்ளது. எனவே கொழும்பு நகரில் சிறு பட்டறை என்றால் மாநகர சபைக்கும், பெரிய தொழிற்சாலை என்றால் அதிகார சபைக்கும் எழுத வேண்டும். எது என்று தெளிவில்லையாயின் இருவருக்கும் எழுதி, ஒருவரின் கடிதத்தில் மற்றவருக்குப் பிரதி அனுப்பியதைக் குறிப்பிடுங்கள். அதிகார சபையின் தலைமையகம் பத்தரமுல்லையில் உள்ளது. 1981 என்பது அதன் துரித அழைப்பு இலக்கம்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. நிறுவனத்தின் பெயர், முகவரி, சத்தத்தின் மூலம், நேரம், பொருந்தும் எல்லை, அமைதி வலயமா என்பது, முன்னர் பேசிய திகதி ஆகியவற்றைச் சொல்லி, இறுதியில் மூன்று வேண்டுகோள்களை மட்டும் வையுங்கள்: குறிப்பிட்ட நேரத்தில் வந்து ஒலிமட்டத்தை அளத்தல், இந்நிறுவனத்துக்குச் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் உண்டா என அறிவித்தல், அளவீட்டு அறிக்கையின் பிரதியை வழங்குதல். பதிவுத்தபாலில் அனுப்புங்கள். அளக்க வரும் நேரத்தை அதிகாரி வியாபாரிக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அன்று இயந்திரம் மெதுவாகவே ஓடும்; ஆகவே வழமையான இயக்கத்தின்போது அளக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

அனுமதிப்பத்திரப் பட்டியலில் இல்லாத வியாபாரமானாலும் வியாபார உரிமமும் காணியின் பயன்பாட்டு அனுமதியும் இருக்கும். வீடாக அங்கீகரிக்கப்பட்ட கட்டடத்தில் பட்டறையோ மண்டபமோ நடந்தால், அது மாநகர சபையின் திட்டமிடல் பகுதிக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் உரிய முறைப்பாடு. டெசிபலை நிரூபிப்பதைவிட அனுமதியற்ற பயன்பாட்டை நிரூபிப்பது பல வேளைகளில் இலகு.

தொடர்மாடியில் வசிப்பவர்களுக்கு

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பகுதிகளில் தொடர்மாடிகளே பெரும்பாலானோரின் வீடு. அங்கே தொல்லை தருவது பொது ஜெனரேட்டர், நீர்ப்பம்பி, மின்தூக்கியின் இயந்திர அறை, மேல்வீட்டுத் திருத்த வேலை போன்றவை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி வீட்டு ஆதனச் சட்டத்தின் கீழ் வீட்டு உரிமையாளர்களைக் கொண்டு அமையும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கே முதலில் எழுத வேண்டும். பொதுக் கூட்டத்தில் திருத்த வேலைகளுக்கான நேரத்தை விதியாக நிறைவேற்றச் செய்தால் பின்னர் ஒவ்வொருவருடனும் சண்டையிடத் தேவையில்லை. கூட்டுத்தாபனம் இயங்கவில்லையாயின் கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகார சபையை நாடலாம்.

ஏழாம் படி: பதில் வராதபோது

நினைவூட்டல் கடிதத்தை ஒருமுறை அனுப்பிய பின்னும் மௌனம் நீடித்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். குறித்த நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம், உங்கள் முறைப்பாட்டின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை, ஒலிமட்ட அறிக்கை, அனுமதிப்பத்திரமும் அதன் நிபந்தனைகளும் ஆகியவற்றின் பிரதிகளைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பின்னர் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தூங்கிக்கொண்டிருந்த கோப்பு இந்த விண்ணப்பத்தால் எழுந்து நடப்பது அபூர்வமன்று.

எட்டாம் படி: நீதிமன்றம்

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு, தொல்லையை அகற்றுமாறு நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்க நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. சமூகத்தின் ஆரோக்கியத்துக்கோ உடல் நிம்மதிக்கோ கேடான தொழிலை நிறுத்தவோ தடுக்கவோ அவர் கட்டளையிடலாம். பொலிஸாரும் அதிகார சபையும் இவ்வழியைப் பயன்படுத்தலாம். தகவலின் பேரிலும் நீதவான் செயற்படலாம் என்பதால், பாதிக்கப்பட்டவர்கள் சட்டத்தரணி மூலம் நேரடியாகவும் அணுகலாம். "சமூகம்" என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். ஒரே வீட்டின் முறைப்பாட்டைவிட, ஒழுங்கையிலுள்ள ஐந்தாறு வீடுகள் ஒவ்வொன்றும் தத்தம் கொப்பிப் பதிவுடன் கையொப்பமிடும் முறைப்பாடு மிகவும் வலுவானது. ஒரே கடிதத்தின் கீழ் வரிசையாகக் கையொப்பம் வாங்குவதைக் காட்டிலும், ஒவ்வொருவரும் தாம் கேட்டதைத் தமது சொற்களில் எழுதுவது நல்லது.

தொல்லை உங்கள் வீட்டை மட்டும் பாதிப்பதாயின், மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவும் நட்டஈடும் கோரும் குடியியல் வழக்கே பொருத்தமானது. அதற்குச் செலவும் காலமும் கூட. அளவீட்டு அறிக்கை இல்லாமல் தொடங்காதீர்கள். அரச அதிகாரிகள் தமது சட்டக் கடமையைச் செய்யாது விட்டதே குறையானால், அக்கடமையைச் செய்யுமாறு பணிக்கும் எழுத்தாணையை மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் கோரலாம். அடிப்படை உரிமை மீறலாயின் உயர் நீதிமன்றத்தை ஒரு மாதத்துக்குள் நாட வேண்டும் என்பதால், திகதிகளை எண்ணிப் பார்த்துத் தாமதமின்றிச் சட்டத்தரணியைச் சந்தியுங்கள். வசதி குறைந்தவர்கள் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை பெறலாம்.

நீதவானின் கட்டளை கிடைத்த பின்னரும் கொப்பியை மூடிவிட வேண்டாம். கட்டளையின் சான்றுபடுத்திய பிரதியொன்றைப் பெற்று, மறுபடி சத்தம் எழுந்தால் புதிய முறைப்பாடு தொடங்காமல், அதே வழக்கு இலக்கத்தைக் குறிப்பிட்டு, மீறப்பட்ட திகதியையும் நேரத்தையும் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் உங்கள் சட்டத்தரணிக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.